லாகின் திரையில் மாமனார் கடைசி

சேலையூர், கிழக்குத் தாம்பரம்.
புதன்கிழமை மத்தியானம்.

மிகுந்த மரியாதைக்கும் அதைவிட மிகுந்த அன்புக்கும் உரிய மாப்பிள்ளை ஜாய்சன் அவர்களுக்கு, மாமா வேதசிரோமணி எழுதிக்கொள்வது.

இங்கே கர்த்தருடைய கிருபையால் நான், உங்கள் அத்தை யூனிஸ், மாடியில் அவளுடைய அண்ணனும் என் மச்சானுமாகிய ஐசக், எல்லோரும் சுகம், கம்ப்யூட்டர் ஒன்றைத் தவிர. பெங்களூரில் நீங்களும் என் மகள் கிறிஸ்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் என்று டி.வி.யில் சொன்னார்கள், காதை மூடிக்கொள்ளவும். இந்தக் கடிதம் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு அனுப்பினால் கிறிஸ்டி பிரிப்பாள், பிரித்தால் படிப்பாள், படித்தால் அம்மாவுக்குப் போன் போடுவாள். இ-மெயில் அனுப்பலாமே என்பீர்கள், அதன் கடவுச்சொல் உங்கள் அத்தைக்குத்தான் தெரியும். போன் பண்ணலாமே என்றால், கீழே நான் ரிசீவரை எடுத்த மறுநொடி மாடியில் பேரலல் லைனில் ஐசக் எடுத்து மூச்சுவிடாமல் கேட்பார். மூச்சுவிடாமல் கேட்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருக்கு ஆஸ்துமா, ரொம்ப நேரம் அடக்க முடியாது. செல்போனில் பேசினாலோ என் குரல் கேம்ப் ரோடு வரைக்கும் கேட்கிறதாம், உங்கள் அத்தை சொல்கிறாள். ஆகவே பழையபடி பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் பிரேமின் கல்யாணப் பத்திரிகை கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டது. உங்கள் அத்தை வாரக்கணக்கில் உட்கார்ந்து, வண்டலூர் சம்பந்தி யேசுதாசனோடு பேசிப் பேசி, யார் பெயருக்கு மேல் யார் பெயர், யாருக்குக் கொட்டை எழுத்து, யாருக்குச் சின்ன எழுத்து, தாய்மாமன் ஐசக் பெயர் என் பெயருக்குக் கீழே எவ்வளவு இடைவெளி விட்டு வர வேண்டும் என்பதெல்லாம் முடிவாகி, இனி ஒரு புள்ளிகூட அசையாது என்று இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்ட பத்திரிகை அது. அவள் கணக்குக்குள் இருக்கிறது. அந்தக் கணக்குக்குள் அவளாலேயே போக முடியவில்லை. வேறு பிரதி கிடையாது, பிரின்டரில் மை காய்ந்து போய் வெள்ளைத்தாளை வெள்ளைத்தாளாகவே வெளியே தள்ளுகிறது. முடிச்சூர் ரோட்டு அச்சகக்காரரோ, சனிக்கிழமை வராவிட்டால் கல்யாணம் முடிந்து நன்றி நோட்டீஸ்தான் அடித்துத் தர முடியும் என்கிறார். சபையில் முதல் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று, இந்த ஞாயிறு இரண்டாவது. பிரேம் ஆபீஸ் ட்ரெயினிங் என்று புனேயில் உட்கார்ந்துகொண்டு, "அதெல்லாம் அம்மா பாத்துப்பாங்கப்பா" என்கிறான். அம்மாவால்தான் பார்க்க முடியவில்லை. அதற்குக் காரணம் நான். அது அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆதியிலிருந்து சொன்னால்தான் விளங்கும். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எங்கள் கம்ப்யூட்டர் இருந்த நிலைமையை நீங்களே பார்த்தீர்கள். திறந்தால் முன்பின் தெரியாத பெண்கள் படம் படமாக வந்து கூப்பிட்டார்கள், உபதேசியார் ஜெபம் பண்ண வந்த அன்றும் விடாமல் கூப்பிட்டார்கள். நீங்கள்தான் பெரிய மனது பண்ணி, எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்று ஒன்றை ஏற்றி, "மாமா, இனிமே வைரஸ் வராது, தெரியாத ஆள் யாரும் உள்ள வர முடியாது" என்றீர்கள். வாஸ்தவம். இன்றைய தேதியில் தெரிந்த ஆளும் உள்ளே போக முடிவதில்லை. குறையாகச் சொல்லவில்லை மாப்பிள்ளை, நன்றியோடுதான் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் ஐசக்கும் நானும் பங்கு போட்டு வாங்கியது என்பதால் ஆளுக்கொரு வாசல் வைத்துக் கொடுத்தீர்கள். போட்டவுடன் ஒரு திரை வருகிறது, அதில் எங்கள் மூன்று பேர் முகமும் வரிசையாக நிற்கிறது, அவரவர் முகத்தைத் தொட்டுக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அவரவர் இடத்துக்குப் போகலாம். இந்த வாசல்காரனுக்கு லாகின் மேனேஜர் என்று உத்தியோகம் சொன்னீர்கள், பெயர் ஜி.டி.எம். நானும் ரயில்வேயில் தலைநரைக்கிற வரைக்கும் வேலை பார்த்து ஆபீஸ் சூப்பரின்டென்டென்டாக ரிட்டையர் ஆனவன். ஜி.எம். பார்த்திருக்கிறேன், டி.ஆர்.எம். பார்த்திருக்கிறேன், ஜி.டி.எம். பார்த்ததில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். ரயில்வேயில் எந்த மேனேஜரும் சீனியாரிட்டி பார்க்காமல் ஆட்களை நிறுத்தினதில்லை. உங்கள் மேனேஜர் நிறுத்தியிருக்கிறார். மேலே யூனிஸ், அதற்குக் கீழே ஐசக், எல்லோருக்கும் கடைசியில் குடும்பத் தலைவனாகிய நான், பந்தியில் இடம் கிடைக்காதவனைப் போல. அன்றைக்கே கேட்டேன், ஞாபகம் இருக்கும். "அது இங்கிலீஷ் எழுத்து வரிசை மாமா, அதுவா அடுக்கிக்கும்" என்றீர்கள். வாயில் கேக் இருந்ததால் மேற்கொண்டு பேசவில்லை.

வரிசை என்பது நம் குடும்பத்தில் லேசான காரியம் இல்லை, உங்களுக்கே தெரியும். உங்கள் கல்யாணப் பத்திரிகையில் ஐசக் பெயர் ஒரு அளவு சின்ன எழுத்தில் வந்துவிட்டது என்பதற்காக, மனுஷன் ரிசப்ஷனில் மேடை ஏறாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் மட்டும் தின்றார். எத்தனை ஐஸ்கிரீம் என்று நான் எண்ணவில்லை, கேட்டரிங்காரர் எண்ணினார். வயதில் என்னைவிடச் சில மாதம் மூத்தவராம், மனை அவருடைய அப்பா வாங்கியதாம். சரி, மனை அவர் அப்பா வாங்கினார். கட்டினது யார்? வெயிலில் நின்று தண்ணீர் லாரிக்காரனோடு மல்லுக்கட்டினது யார்? இதையெல்லாம் மேனேஜர் கேட்க வேண்டாமா?

இருந்தாலும் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். பொறுக்க முடியாமல் பண்ணினவள் மீன்கார மஹாலட்சுமி. கோவளம் பக்கத்திலிருந்து கூடையோடு வருவாளே, அவள்தான். கம்ப்யூட்டர் ஹால் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. அன்றைக்கு நான் அதைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கிறாள்.

"இன்னா சார், அக்கா மூஞ்சி மேல கீது, ஐசக் சாரு நடுவுல கீறாரு, உன் மூஞ்சி அடியில கீது?"

"அது எழுத்து வரிசைம்மா. இங்கிலீஷ்ல அப்படித்தான் வரும்."

"அப்போ வூடு ஐசக் சாருதா? இத்தினி நாளா நீதான் ஓனருன்னு நெனச்சிகினு கீறேன். குடித்தனமா சார் நீ?"

சொல்லிவிட்டுப் போனதோடு விட்டாளா? அன்றைக்கு வஞ்சிரத்தின் நடுத்துண்டு மாடிக்குப் போயிற்று. எங்களுக்கு வால். மாப்பிள்ளை, ரிட்டையர் ஆன மனிதனுக்கு இந்த வயதில் என்ன பெரிய ஆசை? காலையில் ஹிந்து பேப்பர், மத்தியானம் ஒரு நடுத்துண்டு. அதுவும் போயிற்று என்றால் நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேனா?

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எல்லா வாசலையும் திறக்கிற ரூட் கடவுச்சொல்லை எனக்கும் ஐசக்குக்கும் சொல்லிவிட்டுப் போனீர்கள். உங்கள் பெருந்தன்மை அது. அதை வைத்து உள்ளே போய், என் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு ஏ சேர்த்தேன். எழுத்து வரிசை என்றால் எழுத்து வரிசையிலேயே வருகிறேன் என்று. அடுத்த தடவை போட்டபோது என் முகம் உச்சியில் இருந்தது. நான் அன்றைக்கு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் பார்க்கிறேன், என் தலைக்கு மேல் ஐசக் உட்கார்ந்திருக்கிறார், பெயருக்கு முன்னால் இரண்டு ஏ. பரவாயில்லை என்று நான் மூன்று போட்டேன். சாயங்காலம் அவர் நான்கு. நம் தாம்பரத்தில் டிராவல்ஸ்காரர்கள் டெலிபோன் டைரக்டரியில் முதலில் வருவதற்காக ஏ ஏ ஏ என்று பெயர் வைப்பார்களே, அந்தக் கதைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். ஐசக் மட்டும், விருந்துக்குப் போனால் முதல் இடத்தில் போய் உட்காராதே என்று வருகிற பகுதியைத் தேடி எடுத்து, என்னையே பார்த்துக்கொண்டு நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான் ஆமென் சொல்லிவிட்டுப் போய் இன்னும் இரண்டு ஏ சேர்த்தேன்.

இப்படியே போய், திரையில் எங்கள் பெயரே தெரியவில்லை. பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்த மாதிரி ஏ ஏ ஏ என்று நீளமாக ஓடி, பெயர் ஆரம்பிக்கும் முன்பே கட்டம் முடிந்துவிடுகிறது. உங்கள் அத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு, "என்னங்க இது, உங்க ரெண்டு பேருக்கும் எதாவது வலிக்குதா?" என்று கேட்டாள். இதெல்லாம் லினக்ஸில் சகஜம் என்று சொன்னேன். அவள் பெயர் கடைசிக்குப் போய்விட்டதைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. "எங்க இருந்தா என்ன, தொட்டா திறக்குதில்ல" என்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு வரிசையின் அருமை தெரியாதது எனக்கு ஆச்சரியம்தான்.

இதற்கு மேல் ஏ சேர்த்தால் பெயர் நீளம் அதிகம் என்று கம்ப்யூட்டரே கையை விரித்த பிறகு ஐசக் என்ன செய்தார் தெரியுமா? லாகின் மேனேஜருக்குள் எங்கேயோ புகுந்து, போட்டுக் கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் தொடாவிட்டால் தானாகவே ஐசக் உள்ளே நுழைகிற மாதிரி வைத்துவிட்டார். அப்படி ஒரு வசதியை எந்தப் பாவி கண்டுபிடித்தானோ. (உங்கள் தொழில்காரர்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.) நான் ஸ்விட்சைப் போடுகிறேன். ஐசக் இன்னும் சற்று நேரத்தில் உள்ளே நுழைவார் என்று அறிவிப்பு வருகிறது. இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று ராக்கெட் விடுகிற மாதிரி எண்ணுகிறது. எனக்கோ கண்ணாடி இல்லாமல் கீபோர்டு தெரியாது. டி.வி. மேல் இல்லை, பிரிட்ஜ் மேல் இல்லை, நெற்றியில் இருக்கிறது, கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு வருவதற்குள் ஐசக் நுழைந்துவிட்டார். திரை முழுக்க அவர் கோட்டு சூட்டு போட்டு வேளாங்கண்ணியில் எடுத்துக்கொண்ட படம், சிரித்துக்கொண்டு. மனுஷன் மாடியில் தூங்குகிறார், இங்கே என் ஹாலில் சிரிக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் செய்ததுதான் அந்தக் காரியம். ரூட்டாக உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொருவர் ஃபோல்டருக்கும் உரிமையாளர் என்று ஒரு பெயர் போட்டிருக்கிறது. யூனிஸின் ஃபோல்டருக்கு உரிமையாளர் யூனிஸ் என்று இருந்தது. நான் யோசித்தேன். கீழ்த்தளத்து கரண்ட் மீட்டர் என் பெயரில். வீட்டுவரி ரசீது என் பெயரில். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் நான், கேஸ் கனெக்ஷனும் என் பெயர்தான். அப்படியிருக்க இது ஒன்று மட்டும் ஏன் விட்டுப்போக வேண்டும்? கீழ்த்தளம் மொத்தமும் ஒரே பெயரில் இருந்தால் நாளைக்கு ஐசக் வந்து ஒன்றும் சொல்ல முடியாது பாருங்கள். அவளிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று கர்த்தர் சாட்சியாக நான் நினைக்கவில்லை, பத்திரப் பதிவு மாதிரி ஒரு பாதுகாப்புக்குத்தான். உரிமையாளர் என்ற இடத்தை அழுத்தினேன், பெயர்கள் இறங்கி வந்தன. ஏ ஏ ஏ ஏ ஏ என்று ஒன்று, ஏ ஏ ஏ ஏ ஏ என்று இன்னொன்று. கட்டம் குறுகல், கடைசி எழுத்து தெரியவில்லை. மேலே இருப்பதுதான் நான் என்று நினைத்து அழுத்திவிட்டேன். மேலே இருந்தது ஐசக்.

ஆமாம் மாப்பிள்ளை. என் பெண்டாட்டியின் ஃபோல்டரை, அதற்குள் இருக்கிற என் மகனின் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து, என் கையாலேயே ஐசக் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அது எனக்கு உடனே தெரியவில்லை. சாயங்காலம் உங்கள் அத்தை வந்து தன் முகத்தைத் தொட்டுக் கடவுச்சொல்லைக் கொடுத்தாள். திரை ஒரு தடவை இருட்டிவிட்டுத் திரும்ப வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. உங்கள் வருகை பத்து நொடிகூட நீடிக்கவில்லை, நீங்களாகவே வெளியேறவில்லை என்றால் ஏதோ கோளாறு இருக்கலாம் என்று ஒரு அறிவிப்பு வேறு. அவள் மறுபடி போட்டாள், மறுபடி வெளியே தள்ளியது.

"என்னங்க, இது என்னைத் துரத்துது."

"லோ வோல்டேஜ்" என்றேன்.

"ஃபேன் நல்லா சுத்துதே?"

"கம்ப்யூட்டருக்கு மட்டும் லோ வோல்டேஜ். கொஞ்சம் விட்டுப் பிடி."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்பதாம் வகுப்புப் பையன் விடையை மட்டும் எழுதி வழியை எழுதாமல் விட்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு எழுந்து போய்விட்டாள். அவள் போன பிறகு நான் ரூட்டாக நுழையப் பார்த்தேன். கடவுச்சொல் தவறு என்கிறது. ஐசக் அதையும் மாற்றிவிட்டார்! என் வாசல் வழியாகப் போய் அவள் ஃபோல்டரைத் தட்டினேன், உனக்கு அனுமதி இல்லை என்றது; அப்போதுதான் மேலே இருந்த ஏ ஏ ஏ யாருடையது என்று எனக்கு உறைத்தது. யூனிஸால் தன் ஃபோல்டருக்குள் போக முடியாது. என்னாலும் முடியாது. போகக்கூடிய ஒரே ஆள் ஐசக். அவர் உள்ளே போய்ப் பத்திரிகையைத் திறந்து, என் பெயரைத் தூக்கிக் கீழே போட்டுத் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் மேலே வைத்துக்கொண்டால் கேட்பார் யார்? வண்டலூர் யேசுதாசன் அதைப் பார்த்துவிட்டு, பேச்சு மாறுகிற குடும்பத்தில் பெண்ணைக் கொடுக்கிறோமே என்று நினைத்தால் என் பிள்ளையின் கதி என்ன? பிரேம் அந்தப் பெண்ணிடம் புனேயிலிருந்து ராத்திரியெல்லாம் பேசுகிறான், பில்லைப் பார்த்தால் தெரியும் எவ்வளவு ஆசை வைத்திருக்கிறான் என்று. அப்பனுடைய மூஞ்சி மேலே வர வேண்டும் என்பதற்காக அந்தப் பிள்ளை கல்யாணத்தில் ஒரு கசப்பு வந்துவிட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? இதை எழுதும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. பக்கத்தில் யூனிஸ் வெங்காயம் உரிக்கிறாள் என்பது வேறு.

ஐசக்குக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று தெரியவில்லை. அதுதான் பேஜார். நேற்றிலிருந்து மாடிப்படியில் ஞானப்பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்குகிறார், முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறார். இன்று காலையில் பேப்பர் வாங்க வந்தவர் என்னைப் பார்த்து, "பத்திரிகை எப்போ மச்சான் பிரஸ்ஸுக்குப் போகுது?" என்று கேட்டார். "லோ வோல்டேஜ் சரியானதும்" என்றேன். "ஓஹோ, இன்னும் சரியாகலையா?" என்று சொல்லிவிட்டுப் போனார். மாடியில் போய் இருமினாரா சிரித்தாரா என்று ஆஸ்துமாக்காரர் விஷயத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று எழுத எனக்கு வயது இடம் கொடுக்கவில்லை, கையைப் பிடித்துக் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில் ஏறினால் சனிக்கிழமை விடியும்போது சென்ட்ரல், அங்கிருந்து பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து தாம்பரம் மின்சார வண்டியைப் பிடித்தால் காலைப் பலகாரத்துக்கு இங்கே இருக்கலாம். கிறிஸ்டியின் தையல் மெஷினை எடுத்துப் போக வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். ஐசக்கிடம் எப்படியாவது நைச்சியமாகப் பேசி அந்தப் புது ரூட் கடவுச்சொல்லை வாங்கி, யூனிஸின் ஃபோல்டரை யூனிஸ் பெயருக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு அது வேண்டாம், ரேஷன் கார்டு போதும். ஐசக் தானாக நுழைகிற ஏற்பாட்டை வெட்டிவிடுங்கள். கையோடு, உங்களுக்குச் சிரமம் இல்லை என்றால், என் முகத்தை மட்டும் எப்போதும் மேலேயே நிற்கிற மாதிரி ஆணி அடித்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும். ஐசக்கை அடியில் தள்ள வேண்டாம், நடுவில் இருக்கட்டும். நான் அநியாயக்காரன் இல்லை. யூனிஸுக்கு எதுவும் தெரியக்கூடாது, கிறிஸ்டிக்கும் மூச்சு விடாதீர்கள்.

உங்களுக்கும் கிறிஸ்டிக்கும் நீடிய ஆயுசும், குறையாத சம்பளமும், வைரஸ் வராத வாழ்வும் கர்த்தர் அருள்வாராக. உங்கள் தாயார் தகப்பனாருக்கு எங்கள் அன்பைத் தெரிவிக்கவும், தாயாரின் பெயரை முதலில் சொன்னதற்கு வேறு அர்த்தம் இல்லை என்றும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் நலனையும் தன் முதலிடத்தையும் என்றும் நாடும் மாமா,
வேதசிரோமணி

பி.கு.: வியாழக்கிழமை. மாப்பிள்ளை, நீங்கள் வர வேண்டாம். தையல் மெஷின் இங்கேயே இருக்கட்டும். இந்தக் கடிதத்துக்குக் கவர் வாங்க இன்று காலை கேம்ப் ரோடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறேன், மாடியிலிருந்து டெலிபோன் ஒயரை இழுக்க முடிந்த மட்டும் இழுத்துக்கொண்டு வந்து ஐசக் மாடிப்படி நடுவில் நிற்கிறார், காதில் ரிசீவர். கீழே உங்கள் அத்தை கம்ப்யூட்டர் முன்னால். ஐசக் ஒவ்வொரு எழுத்தாக, "இப்போ ஒரு இடைவெளி விடு யூனிஸ். புள்ளி இல்ல, இடைவெளி. அடிச்சிட்டியா? எண்டர் தட்டு" என்று கத்த, அவள் தட்டுகிறாள். அந்தப் பக்கம் பேசுகிறது யார் என்று கேட்டேன். "வேற யாரு, ஜாய்சன் மாப்பிள்ளைதான்" என்றார் ஐசக், கூசாமல். முதல் நாள் அது வெளியே தள்ளியபோதே உங்கள் அத்தை மாடிக்குப் போய் உங்களுக்குப் போன் போட்டுவிட்டாளாம். ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டீர்களாம். மாமாவே வாயைத் திறந்து சொல்கிறாரா என்று ரெண்டு நாள் பார்ப்போம் அத்தை என்று நீங்கள்தான் சொன்னீர்களாம். இருக்கட்டும். பெரியவர்களிடம் இப்படி விளையாடலாமா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற இடத்தில் நான் இல்லை.

உங்கள் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னங்க, லோ வோல்டேஜ் சரியாயிடுச்சு" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அப்படியே வண்டலூருக்குப் போன் போட்டு யேசுதாசனிடம் பேசிவிட்டு, பத்திரிகையைத் திறந்து எங்கள் பெயர் வரிசை மொத்தத்தையும் அழித்துவிட்டாள். மணமக்கள் பெயர், ஆலயம், தேதி, நேரம், கீழே இரு வீட்டார் அழைப்பு. அவ்வளவுதான். யேசுதாசன் போனில் அப்பாடா என்றாராம், அவர் வீட்டிலும் மூன்று சித்தப்பாமார் இருக்கிறார்களாம். பத்திரிகை ஆட்டோவில் அச்சகத்துக்குப் போய்விட்டது. பிரேம் கல்யாணம் தப்பியது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஆனால் மாப்பிள்ளை, நீங்கள் சொல்லிக் கொடுத்ததாகச் சொல்லி இன்னொன்றும் செய்திருக்கிறாள். லாகின் திரையில் இருந்த முகங்களையே எடுத்துவிட்டாள். ஐசக் தானாக நுழைவதும் போயிற்று. "மூஞ்சி இருந்தாத்தானே மேல கீழ" என்கிறாள். இப்போது போட்டால் ஒரே ஒரு வெள்ளைக் கட்டம் வருகிறது, உன் பெயர் என்ன என்று கேட்கிறது. பெயரை ஒரு எழுத்து பிசகாமல் நாமே அடிக்க வேண்டும். எனக்கு எத்தனை ஏ என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஐசக்குக்கும் இல்லை. அவளைக் கேட்டால், "நீங்க வெச்ச பேருதானே, நீங்களே அடிங்க" என்கிறாள். புது ரூட் கடவுச்சொல்லையும் அவளே வைத்துக்கொண்டாள்.

காலையிலிருந்து ஐசக்கும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கிறோம். இன்ஹேலரைக்கூட இங்கேயே கொண்டுவந்துவிட்டார்.

"நான் எப்பவும் உங்களைவிட ஒண்ணு கூடத்தான் மச்சான் வெச்சேன். உங்களுது எத்தனைன்னு சொல்லுங்க, என்னுது தெரிஞ்சிடும்" என்கிறார்.

"உங்களுது எத்தனைன்னு சொல்லுங்க மச்சான், ஒண்ணு கழிச்சா என்னுது" என்கிறேன்.

ஆகையால் மாப்பிள்ளை, நீங்கள் வர வேண்டாம்தான். எங்கள் இரண்டு பேரில் யாராவது ஒருவருடைய ஏ எத்தனை என்று மட்டும் அங்கிருந்தே பார்த்து எழுதவும். யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை.